பல் ஆஸ்பத்திரியும் ரோஜாத் தண்ணியும்

போன மாதம் திருப்பதியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மேல்வரிசையில் மிச்சமிருந்த மூன்று பற்களும் ஆடத் தொடங்கிவிட்டன. எடுத்து முடித்து, பல் செட்டுக்கு அளவும் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு காகிதத்தை நீட்டினாள். அதில் வட்ட வட்டமாக ஐந்து முகங்கள். அழுகிற முகத்தில் தொடங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம் வரைக்கும்.

"எங்க ட்ரீட்மெண்ட் எப்படி இருந்துச்சுன்னு டிக் பண்ணுங்க பாட்டி" என்றாள்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேள்விகளைப் படித்தேன். உட்காரும் இடம் சுத்தமாக இருந்ததா, ஏசி ஓடியதா, டாக்டர் சிரித்துப் பேசினாரா, ரொம்ப நேரம் காக்க வைத்தார்களா. பல்லைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பஞ்சைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏம்மா, பல்லை ஒழுங்கா எடுத்தாங்களான்னு கேக்கலியே?" என்றேன்.

"அது உங்களுக்கு எப்படிப் பாட்டி தெரியும்?" என்று கேட்டுவிட்டாள்.

சிரித்தால் தையல் இழுக்கும் என்று அடக்கிக்கொண்டேன். பல் டாக்டர்களுக்குப் பக்கத்தில் நின்றே முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவள் நான். இருந்தாலும் அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்விதான். என்னிடம் வேலை பழகிய நர்சுகள் இப்போதும் போன் போட்டு, "அக்கா, அந்தக் குப்பம்மா சமாச்சாரத்தை எழுதி வைங்க" என்று நச்சரிக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன். அதில் மாட்டிக்கொண்ட திருடி நான்தான் என்பதால் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

வேலூரில் நர்ஸ் படிப்பு படித்தேன். கட்டில் விரிப்பை மூலை மடிக்கவும், பெரிய சிஸ்டர் வந்தால் எழுந்து நிற்கவும் அங்கே பழகினேன். படித்து முடித்ததும் சித்தூரில் ஊர் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பிரசவ வார்டு கேட்டேன். பல் பிரிவைக் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் அலறல் ஒன்றுதான் என்று அன்றைக்கே ஒரு மூத்த நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

அங்கே அப்போது இருந்தவர் சபாபதி டாக்டர். ஆறடி உயரம், கடோத்கஜன் மாதிரி ஆள். மரத்துப்போகிற ஊசியைப் போட்ட கையோடு, பல் பிடுங்குகிற குறட்டைக் கையில் எடுத்துவிடுவார். ஊசி வேலை செய்ய ஐந்து நிமிஷமாவது ஆகும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. பொறுமை கிடையாது, அவ்வளவுதான். நாற்காலியின் கைப்பிடியில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, "புடிம்மா தலைய!" என்று ஒரு சத்தம் போடுவார். நான் பின்னால் நின்று நோயாளியின் தலையைப் பிடிக்க வேண்டும். நோயாளி என் முன்கையைப் பிடித்துக்கொள்வார். என் இரண்டு கைகளிலும் நகக்குறி ஆறாத வருஷங்கள் அவை. பாதிப் பல் குறட்டோடு வரும், வேர் உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் அதைத் தோண்டுவார். நான் கண்ணை மூடிக்கொண்டு பெருமாள் பேர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஜனங்களுக்கோ அவர் தெய்வம்!

"கைராசிக்கார டாக்டருப்பா. இன்னா பாடு பட்டாரு தெரியுமா? அரை மணி நேரம் மல்லுக்கட்டிக்கினு நின்னாரு. வேர்த்துக் கொட்டுச்சி மனுசனுக்கு" என்று வெளியே பெஞ்சில் இருப்பவர்களிடம் ரத்தத் துண்டை விரித்துக் காட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள். தாடை வீங்கி ஒரு வாரம் கஞ்சி குடித்தவர்களே, மாம்பழ சீசனில் கூடையோடு வந்து நிற்பார்கள். எனக்கும் இரண்டு பழம் கிடைக்கும். வாங்கித் தின்றேன், பொய் சொல்வானேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்தது. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை பஞ்சாயத்து. ஒரே வீட்டில் அண்ணன் மெட்ராஸ் பக்கம், தம்பி ஆந்திரா பக்கம். சபாபதி டாக்டர் இந்த வம்பே வேண்டாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு மெட்ராசுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்குக் காக்கிநாடா பக்கத்திலிருந்து ராவ் டாக்டர் வந்தார்.

ஒல்லியான மனிதர். ஊதினால் பறந்துவிடுவார் போல இருப்பார். வந்த புதிதில் தமிழில் அவருக்குத் தெரிந்தது மூன்று வார்த்தை. பல்லைப் பார்க்கும்போது "தொற". பஞ்சை வைத்த பிறகு "மூடு". எல்லாம் முடிந்ததும் "போ". மரியாதை விகுதி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுபது வயது மிராசுதாரைப் பார்த்து, "மூடு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார் ஒரு நாள். அந்தப் பெரியவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியாமல் கண்ணாலேயே எரித்தார்.

ஆனால் அந்த மனிதரின் கை இருக்கிறதே, அதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஊசியை மணிக்கட்டுக்குப் பின்னால் மறைத்துத்தான் கொண்டுவருவார். கன்னத்தை இரண்டு விரலால் லேசாக ஆட்டிக்கொண்டே குத்துவார். குத்தியது தெரியாது. அப்புறம் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஐந்து நிமிஷம். ஒரு வார்த்தை பேசமாட்டார். பிறகு சின்னக் கருவியால் பல்லைச் சுற்றி ஈறை விடுவிப்பார். குறட்டால் பல்லை இழுக்கவே மாட்டார். முதலில் உள்ளே பார்த்து அழுத்துவார். அப்புறம் கன்னப் பக்கம் கொஞ்சம், நாக்குப் பக்கம் கொஞ்சம் சாய்ப்பார். வேரைச் சுற்றி இடம் விட்டுவிட்டது என்று அவர் விரலுக்குத் தெரிந்ததும் பல் தானாக எழுந்து வந்துவிடும். வேர் நுனி முழுசாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். குழியை இரண்டு விரலால் அழுத்தி மூடுவார். பஞ்சு வைப்பார். முடிந்தது. அவர் வந்த பிறகு நான் யார் தலையையும் பிடிக்கவில்லை. கைகளில் இருந்த குறியெல்லாம் ஆறிப்போய், வளையல் போட்டுக்கொள்ள ஆசை வந்தது எனக்கு.

ஜனங்களுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

"இன்னாம்மா இது? குந்தினேன், எழுந்து போன்னாரு. வைத்தியம் எங்க நடந்துச்சி?" என்றார் ஒருவர். ஒரு தையல்காரர் மறுநாள் திரும்பி வந்து, எடுத்த பல் தன்னுடையதே இல்லை என்று சண்டை பிடித்தார். "எப்ப புடுங்குனாரு? நான் முழிச்சிக்கினுதானே இருந்தேன்?" கண்ணாடியைக் காட்டி, குழியைக் காட்டி அனுப்பி வைத்தேன். புத்தூர் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு குறை. அங்கே எலும்பு முறிந்தால் கட்டுகிற கட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள். "ஒரு கட்டுகூட போடாம அனுப்புறாரே, இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா?" என்றார்கள்.

சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் ரயிலில் பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் போவோம். அங்கே ஒரு சத்திரத்து அறையில் பல் பார்ப்பார். வருகிறவர்கள் பெரும்பாலும் மொட்டை போட்ட யாத்ரீகர்கள். அங்கே தீர்ப்பு இன்னும் சுலபம். வலித்தால் டாக்டர் சரியில்லை. வலிக்கவில்லை என்றால் பெருமாள் கருணை. ஒருவர் பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு, "முடி குடுத்தாச்சி. இதையும் உண்டியல்ல போட்டுட்டா தப்பாம்மா?" என்று கேட்டார். தேவஸ்தானத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டர் என்ன என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக் கமிட்டிக்குப் பிரசிடெண்டாக இருந்தவர் ஒரு வெல்ல மண்டி முதலாளி. வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ரஞ்சிதம்மா, இந்த டாக்டருக்கு ஆறு மாசம்தான் டைம் குடுத்திருக்குது. அதுக்கப்புறம் கமிட்டி கூடி நிரந்தரம் பண்ணணும். ஜனம் வர்றதே நின்னுபோச்சே! கமிட்டி வக்கீலய்யா வேற ஆள் பாத்து வச்சிருக்காரு. நம்ம சபாபதி டாக்டரோட மச்சினர் மகனாம். அதே மாதிரி பலமான கையாம்."

பலமான கை! மறுபடியும் முழங்கால், மறுபடியும் "புடிம்மா தலைய". வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். ராவ் டாக்டருக்கு வைத்தியம் தெரியும், நாடகம் தெரியாது. எனக்கு நாடகம் வரும். பள்ளிக்கூடத்தில் நான் அரிச்சந்திரன் வேஷம் போட்டவள்.

மறுநாளே ஆரம்பித்தேன். பல்லைப் போடுகிற கிண்ணத்தை மாற்றி ஒரு தகரத் தட்டை வைத்தேன். பல் விழுந்தால் ணங்கென்று பெஞ்சு வரைக்கும் கேட்கும். உடனே நான், "அடேயப்பா, எம்மாம் நீள வேரு! வேற ஆளா இருந்தா தாடையே போயிருக்கும்" என்பேன். டாக்டரின் நெற்றியில் ஒரு துளி வேர்வை இருக்காது. நான் துண்டால் ஒற்றி எடுப்பேன். என்ன இது என்பதுபோல் "ஏமிட்டி சிஸ்டர்?" என்று பின்வாங்குவார். தூசி என்பேன். புத்தூர்க்காரர்களுக்கு மோவாயிலிருந்து உச்சந்தலை வரை வெள்ளைத் துணியால் ஒரு கட்டு. காது இரண்டும் பிதுங்க அவர்கள் சந்தோஷமாகப் பஸ் ஏறினார்கள்.

இதெல்லாம் சில்லறை விளையாட்டு. பெரிய விளையாட்டு அந்தத் தண்ணி. வாய் கொப்புளிக்கப் பொட்டாசியம் பர்மாங்கனேட் போட்ட தண்ணீர் கொடுப்பது வழக்கம்தான். அந்தப் படிகத்தில் நாலைந்து மணி போட்டால் ரோஜாப்பூ நிறம் வந்துவிடும். நான் அதைப் பளபளவென்று விளக்கிய பெரிய டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "இது சீமைத் தண்ணி. இதைக் கொப்புளிச்சிட்டா நோவே தெரியாது. யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்பேன்.

யாரிடமும் சொல்லாதே என்றால் போதாதா? ஒரே மாதத்தில் பெஞ்சில் இடமில்லை. நகரியிலிருந்து வந்தார்கள், குப்பத்திலிருந்து வந்தார்கள். "ரோசாப்பூ தண்ணி ஆஸ்பத்திரி எதுங்க?" என்று பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டார்களாம். டாக்டர் ஒன்றும் புரியாமல், பொட்டாசியம் புட்டி ஏன் இத்தனை சீக்கிரம் காலியாகிறது என்று மட்டும் கேட்டார். வெயில் காலம் என்று சொல்லி வைத்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்புறம் குப்பம்மா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை. முதல் பஸ்ஸுக்கே வந்து, முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைப்பை எடுத்தால் வலது கன்னம் பூசணிக்காய் போல இருந்தது.

"ரெண்டு நாளா ஒண்ணும் துன்ல நர்சம்மா. கஞ்சி கூட எறங்கல" என்றாள் பல்லிடுக்கில்.

அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவளுக்கு நல்லதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. நாலைந்து மணி போட வேண்டிய இடத்தில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டேன். ரோஜா நிறம் தாண்டிக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. பார்க்க இன்னும் எடுப்பாகத்தான் இருந்தது. டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.

டாக்டர் புறங்கையால் கன்னத்தைத் தொட்டுச் சூடு பார்த்தார். தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். "தொற" என்றார். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது. சின்னக் கண்ணாடியை நுழைத்து வெகுநேரம் பார்த்தார். சீழ் கட்டியிருக்கிறது, இன்றைக்குப் பல்லைத் தொடக் கூடாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நோட்டில் எழுதச் சொல்லி என் பக்கம் திரும்பினார்.

"குடி..." என்றார். வலது பக்கம் என்று அர்த்தம். தெலுங்கில் வலது பக்கத்துக்குக் குடி என்றுதான் பெயர். கீழ்ப்பல் என்று அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள், குப்பம்மா டம்ளரைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டாள். ஒரு சொட்டு மிச்சமில்லை.

"ஐயய்யோ! தாகேசிந்தி!" என்று டாக்டர் அலறினார், குடித்தேவிட்டாளே என்று. அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எந்த்த வேசாவு சிஸ்டர்?" என்று எவ்வளவு போட்டேன் என்று கேட்டார். விரலைக் குவித்துச் சிட்டிகையைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பால் கொண்டுவா, முட்டை வெள்ளைக்கரு கொண்டுவா என்றார். சமையல்கட்டுக்கு ஓடினேன்.

பாலில் வெள்ளைக்கருவை அடித்து அவரே ஊட்டினார். இரண்டாவது டம்ளரில் அவளுக்குக் குமட்டியது. ஒரு கையால் பேசின் பாத்திரத்தையும் மறு கையால் அவள் நெற்றியையும் பிடித்துக்கொண்டார். அவள் ஓங்கரித்த வேகத்தில் உள்ளே இருந்த கட்டி உடைந்துவிட்டது. சீழும் ரத்தமும் அவர் கோட்டெல்லாம். நாற்றம் சொல்லி முடியாது. குப்பம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்பாடா! உசுரு வந்துச்சி" என்றாள்.

வெந்நீரில் உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவினார். பென்சிலின் ஊசி போட்டார். அவளை உள் பெஞ்சில் படுக்க வைத்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நாடியில் வைத்த விரலை எடுக்கவில்லை. சாப்பிடப் போகவில்லை. அவள் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

"நா தப்பு சிஸ்டர்" என்றார் என்னிடம். "தமிழாவிட முன்னாடி அந்த மாட்ட சொல்லகூடாது. இனிமேலு ரைட், லெப்ட் அனி செப்தானு." தமிழ் அம்மா முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது, இனி ரைட், லெப்ட் என்றே சொல்கிறேன் என்று அர்த்தம்.

இல்லை சார், அந்தச் சிட்டிகை என்னுடையது, அந்தச் சீமைத் தண்ணிக் கதையும் என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் தன்னையே நொந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். என் வேலையில் நான் இன்றைக்கும் வெட்கப்படுகிற நாள் அதுதான்.

பெஞ்சில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாளே சித்தூர் முழுக்கப் பரவிவிட்டது. தமிழ் தெரியாத டாக்டர் தமிழ்ப் பொம்பளைக்கு விஷத்தைக் குடி என்று கொடுத்துவிட்டாராம்! அவள் ஊரோ, எல்லைத் தகராறில் எந்தப் பக்கம் போகப் போகிறது என்று முடிவாகாத ஊர். கேட்க வேண்டுமா? கமிட்டியில் இருந்த வக்கீலய்யா, எல்லைக் கிராமங்கள் மெட்ராசுக்கே வர வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர். விசாரணை வைத்தே தீர வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டி கூடியது. குப்பம்மாவை ஆள் அனுப்பிக் கூட்டிவந்திருந்தார்கள். கன்னம் வற்றி, வெற்றிலை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பிரசிடெண்ட் முதலில் டாக்டரைக் கேட்டார். "ஔனு. நா தப்பே" என்று எழுந்து நின்று ஒப்புக்கொண்டுவிட்டார் அந்த மனிதர். தப்பு என்னுடையதுதான், நீங்கள் சொல்கிறபடி போய்விடுகிறேன் என்றும் தெலுங்கில் சொன்னார். எழுந்திரு, சொல்லு என்று மனசு குத்துகிறது. புட்டம் நாற்காலியை விடமாட்டேன் என்கிறது.

வக்கீலய்யா குப்பம்மாவிடம் வந்தார். "பயப்படாம சொல்லும்மா. டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"குடின்னாரு."

"பாத்தீங்களா?" என்று பிரசிடெண்டைப் பார்த்துக் கையை விரித்தார் வக்கீல். "தெலுங்குல குடின்னா வலப்பக்கம். அது இந்த அம்மாவுக்குத் தெரியல. மருந்தைக் குடிக்கச் சொல்றாருன்னு நெனச்சிக் குடிச்சிடுச்சி. அப்படித்தானேம்மா?"

குப்பம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாருக்குத் தெரியாது? எனக்கா? எங்க மாமியா தெலுங்குக்காரி சாமி! சட்டிய குடி பக்கம் வையிடி, மொறத்த எடம பக்கம் வையிடின்னு முப்பது வருசமா என்னைப் போட்டு வறுத்தெடுத்தவ. குடின்னா இன்னான்னு எனக்கா தெரியாது? நீ வந்து சொல்லித் தர்றியே!"

அறையில் கொல்லென்று சிரிப்பு. வக்கீல் துண்டைச் சரிசெய்துகொண்டார். "பின்னே ஏன்தான் குடிச்சே?"

குப்பம்மா என்னைத் தேடிப் பிடித்துச் சிரித்தாள். "இந்த நர்சம்மா எங்க ஊரு முனியன் பொஞ்சாதிகிட்ட சொல்லி அனுப்பிச்சாங்களே, இது சீமைத் தண்ணி, வாயில ஊத்திக் கொப்புளிச்சா நோவே தெரியாதுன்னு. கொப்புளிச்சதுக்கே அப்பிடின்னா, குடிச்சா எப்பிடி இருக்கும்னு குடிச்சிட்டேன்! மெய்யாலுமே நல்ல மருந்து. அன்னிக்கே வீக்கம் எறங்கிப்போச்சி. அந்த டாக்டர ஏன் நிக்க வச்சி வெசாரிக்கிறீங்க, பாவம்?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. டாக்டரும் திரும்பினார். அவருக்கு முழுசாகப் புரியவில்லை. பிரசிடெண்ட் தெலுங்கில் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

வக்கீலய்யா கடைசி முயற்சியாக, "சரிம்மா, டாக்டர் வைத்தியம் எப்படி? அதையாவது சொல்லு" என்றார்.

"பல்லு வைத்தியத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும் சாமி? நல்லா செஞ்சாரா, கெட்டதா செஞ்சாரான்னு நான் எப்படிச் சொல்றது? நான் வாந்தி எடுக்கச்சே ஏனத்தப் புடிச்சிக்கினு நின்னாரு. அம்மாம் நாத்தத்துல பெத்த புள்ள கூட மூஞ்சத் திருப்பிக்கும். இவரு திருப்பல."

நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு நிறுத்த முடியவில்லை. சிட்டிகை போட்டது, தகரத் தட்டு, வேர்வை இல்லாத நெற்றியைத் துடைத்தது, புத்தூர்க்காரர்களின் கட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் டாக்டரின் புருவம் ஏறிக்கொண்டே போனது. தூசி என்று சொன்னதைச் சொன்னபோது நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, படிச்ச பொண்ணு, ஏன் இப்படிச் செஞ்சே?" என்றார் பிரசிடெண்ட்.

"இவரு கையில யாருக்கும் வலிக்கலை சார். அதனாலயே யாருக்கும் இவரைப் பிடிக்கலை. இவரை அனுப்பிட்டு நீங்க இன்னொருத்தரைக் கொண்டாருவீங்க. நான் மறுபடியும் தலையைப் பிடிச்சிக்கினு அவங்க அலறுறதைக் கேக்கணும். என்னால முடியாது சார். என்னை வேணா வேலைய விட்டு எடுத்துடுங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுதால் மூக்கு சிவந்து அசிங்கமாக இருக்கும். அப்படியே நின்றேன்.

டாக்டர்தான் பேசினார். தமிழும் தெலுங்கும் கலந்து, தடுக்கித் தடுக்கிப் பேசினார். ஆறு மாதமாக நான் நோயாளிகளோடு பேசவே இல்லை, நான் பேச வேண்டியதையெல்லாம் இந்தப் பெண் பேசியிருக்கிறாள், பொய்யாகப் பேசியது தப்பு, ஆனால் இவளை அனுப்பினால் நானும் போகிறேன் என்றார். வக்கீலய்யா கூட எதிர்த்துப் பேசவில்லை. அவர் குப்பம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரை நிரந்தரம் செய்தார்கள். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. மேற்படி தண்ணீருக்கு எந்த விசேஷ சக்தியும் கிடையாது, அதை வாய் கொப்புளிக்க மட்டுமே கொடுக்க வேண்டும், அதைப் பற்றி ஊழியர்கள் எந்தக் கதையும் சொல்லக் கூடாது என்று தீர்மானம் எழுதி, பிரசிடெண்டே கையெழுத்துப் போட்டார்.

நானும் டாக்டரிடம் சத்தியம் செய்து கொடுத்தேன். தகரத் தட்டைச் சமையல்கட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் குப்பம்மா வந்து பல்லை எடுத்துக்கொண்டு போனாள். கன்னப் பக்கம் கொஞ்சம், நாக்குப் பக்கம் கொஞ்சம், அவ்வளவுதான். அவளுக்குச் சாதாரணத் தண்ணீர்தான் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொப்புளித்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில், கதவைத் திறக்கிற நேரத்துக்கே பிரசிடெண்ட் தனியாக வந்து நின்றார். கன்னத்தோடு சேர்த்து அங்கவஸ்திரத்தைச் சுற்றியிருந்தார். இரண்டு வருஷமாகவே அந்தக் கடைவாய்ப் பல் தொந்தரவாம். சபாபதி டாக்டருக்குப் பயந்து யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார், பாவம். டாக்டர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. டாக்டர் ஊசியைக் கொதிக்க வைக்கத் திரும்பியதும், விரலை ஆட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ரஞ்சிதம்மா... அந்தத் தண்ணி... கொஞ்சம் கெடைக்குமா?"

"சார், அதுல ஒண்ணுமே இல்லன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"அது கமிட்டி தீர்மானம்மா. இது என் பல்லு!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு டாக்டரைப் பார்த்தேன். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேனே. அவர் அடுப்புப் பக்கம் திரும்பியபடியே நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

"போடு சிஸ்டர்" என்றார். "சாருக்குக் கலர் கொஞ்சம் ஜாஸ்தியாவே போடு."